பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி

பட்டாளத்தில் சேரப்போகிறவனுக்குக் கல்லூரிப் படிப்பு என்னென்ன வகையில் உதவும் என்று யாராவது கேட்டால், தாளைப் பார்க்காமல் ஏழெட்டு வழி சொல்வேன். வயது வரம்பு, விலக்கு, விலக்குக்கு விலக்கு எல்லாம் சேர்த்துச் சொல்வேன். ஒன்றும் தப்பாக இருக்காது. இதே ஏழெட்டு வழிகளையும் என் தம்பி மகனுக்குச் சொன்னேன். அவன் இன்று வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு நூல்மில்லின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, ஷிப்டுக்கு வருகிறவர்களின் பெயருக்கு நேரே டிக் அடித்துக்கொண்டிருக்கிறான்.

நான் திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்தவள். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் படித்தார்களா என்பது வகுப்பறைக்காரர்களின் கவலை. படித்ததாகத் தாளில் இருக்கிறதா என்பது என் கவலை. என் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுத பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. டி.சி.யில் ஒரு தேதி, சாதிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று மூன்றையும் விரித்துக் காட்டுவார்கள். நான் மூன்றையும் மடித்துத் திருப்பிக் கொடுத்து, “டென்த் சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அதில் எனக்கு ஒரு மனநிறைவுகூட இருந்தது. ஒழுங்கு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

என் தம்பி வடமதுரையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் பூ விவசாயம் செய்கிறான். சம்பங்கி, செவ்வந்தி, தண்ணீர் இருக்கிற வருஷம் தக்காளி. அந்த ஊரில் என்னைக் காலேஜம்மா என்பார்கள். பாதிப் பேர் நான் அங்கே பாடம் நடத்துவதாக நினைத்திருந்தார்கள். நான் திருத்தவில்லை.

தம்பிக்கு ஒரே பையன், எனக்கு மருமகன் முறை. எனக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் அந்த ஒருவனை இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொண்டோம். சோறும் சட்டையும் அவர்கள் பொறுப்பு, விண்ணப்பங்கள் என் பொறுப்பு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் பெயரில் நிரப்பப்பட்ட எல்லாத் தாளும் என் கையெழுத்தில்தான் இருக்கும். உதவித்தொகை, இருப்பிடச் சான்று, பஸ் பாஸ், முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று விடாமல். என் எழுத்து முத்துப் போல இருக்கும் என்று முதல்வர்களே சொன்னதுண்டு.

அவனுக்குப் பட்டாளத்து ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் நாலுவழிச் சாலையோரம் ஓட ஆரம்பித்தான். கூட ஓடியவன் அதே தெருப் பையன். என் மருமகனைவிட மூன்று வாரம் இளையவன், பள்ளியில் ஒரு வகுப்புக் கீழே. அவனுடைய அப்பா ஆடு மேய்ப்பவர், கைநாட்டு. இரண்டு பேரும் விடியுமுன்னே கிளம்பி, லாரிகள் கிளப்பும் புழுதியில் ஆயிரத்தறுநூறு மீட்டர் ஓடி, வேப்பங்கிளையில் தொங்கிக் கை வலுவேற்றிக்கொண்டு, மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் வண்டியில் தொற்றித் திரும்புவார்கள். ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வேதவாக்கு. என் மருமகன் ஐந்தே கால் நிமிஷத்தில் ஓடினான். மற்றவன் எப்போதும் நாலைந்து நொடி பின்னால்தான்.

மருமகன் பிளஸ் டூ முடித்தபோது பட்டாளத்துக்குப் போகிற வயது வரவில்லை. நான் அவனைக் கல்லூரியில் சேர்த்தேன். மறு வருஷம் மற்றவனும் பிளஸ் டூ முடித்தான். அந்தச் சமயத்தில் ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்தது, நாலு வருஷத் திட்டத்தில். இரண்டு பேரும் போட்டோவும் சான்றிதழ் நகல்களுமாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள், நான் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர வேண்டும் என்று.

மற்றவனுடையதை ஏற்றிக் கொடுத்தேன். அவன் தேதியைச் சொன்னான், நான் தட்டினேன். பத்து நிமிஷ வேலை. மருமகனுடைய உறையை நான் திறக்கவே இல்லை.

“ஏலே அப்பு, நீ காலேஜுல ஒரு வருஷம் முடிச்சிட்ட. இன்னும் ரெண்டு வருஷந்தான். சிப்பாயாப் போனா நாலு வருஷத்துல முக்கால்வாசிப் பேர வீட்டுக்கு அனுப்பிருவாங்க. டிகிரியோட போனா ஆபீசர். இவன் உனக்கு சல்யூட் அடிப்பான்.”

மற்றவன் சிரித்தான். “அடிச்சிட்டாப் போச்சு காலேஜம்மா. இப்ப ஒரு டீ வாங்கித் தரச் சொல்லுங்க, அப்புறமா ஆபீசர் ஆகட்டும்.”

மருமகன் சிரிக்கவில்லை. “எனக்கு ஆபீசர்லாம் வேணாம் அத்தே. உள்ள போனாப் போதும்” என்றான்.

அந்த இடத்தில்தான் என் ஏழெட்டு வழிகளும் வந்தன. பட்டம் வாங்கினவன் அதிகாரிகளுக்கான தேர்வு எழுதலாம். என்.சி.சி.யில் சி சான்றிதழ் நல்ல தரத்தில் வைத்திருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக ஐந்து நாள் நேர்முகத்துக்குப் போகலாம். விமானப் படைக்குத் தனி வழி இருக்கிறது. படைக்குள்ளேயே பாடம் சொல்லித்தரும் ஹவில்தார் வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள். கோயிலும் சர்ச்சும் கவனிக்கிற மதபோதகர் பதவிக்குக்கூடப் பட்டம் வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் மணி ஆட்டவாவது போகலாம் என்றேன். நான் பேசப் பேச அவன் உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றான். அவன் வாழ்க்கையில் எனக்கு எதிராக ஒரு வாக்கியம் பேசியவன் இல்லை. பேசியிருக்கலாம்.

மற்றவன் தேர்வானான். திண்டுக்கல் ஜங்ஷனில் அவனை ரயிலேற்றப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அவனுடைய அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு தூண் பக்கம் திரும்பி நின்றார். என் மருமகன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வண்டி நகரும் வரைக்கும் உள்ளேயே இருந்தான். கடைசி நொடியில் குதித்தான். எனக்குக் கோபம் வந்தது, காலை உடைத்துக்கொண்டால் உடல்தகுதி என்ன ஆவது என்று.

அடுத்த இரண்டு வருஷத்தில் என் திட்டத்தில் ஒரு ஓட்டை சொல்ல முடியாது. என்.சி.சி.யில் முகாம்கள் போனான். சி சான்றிதழ் வாங்கினான், தேவையான தரத்தில். மதிப்பெண் போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது, அரியர் ஒன்று கிடையாது. தமிழ் வழியில் படித்தவன் என்பதால் சனிக்கிழமைதோறும் அவனை என் எதிரே உட்கார வைத்து ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தேன். பணவீக்கம் பற்றியும் பருவமழை பற்றியும் அவன் திக்கித் திக்கி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் வெண்டைக்காய் நறுக்குவேன். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், சபையில் அதுதான் மரியாதை என்றும் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் ஆண்டில் மறுபடியும் சிப்பாய் சேர்ப்புக்கு அறிவிப்பு வந்தது. “சும்மா ஒரு தடவ போட்டு வைக்கிறேன் அத்தே” என்று கேட்டான். அது தேர்வாகிவிட்டால் கடைசி செமஸ்டரை விட வேண்டி வரும், பட்டம் கையில் வராது, மூன்று வருஷமும் வீண் என்று சொன்னேன். ஆபீசர் தேர்வு எப்படிப் போனாலும் அடுத்த வருஷம் சிப்பாய்க்கு வயது மிச்சம் இருக்கும் என்றும் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு அவன் கண்முன்னே எண்ணினேன். கார்த்திகையில் பிறந்தவன். அக்டோபர் முதல் தேதிக்கு வயதைக் கணக்கிடுவார்கள். அடுத்த வருஷம் அக்டோபரில் இருபத்தொன்று முடிய ஒரு மாதத்துக்கு மேல் பாக்கி இருக்கும்.

அவனும் தலையாட்டினான். அவன் மனதிலும் அவன் கார்த்திகைப் பிள்ளைதான். அகல் விளக்கு ஏற்றுகிற வாரத்தில் அவனுக்குக் கேசரி கிண்டுவது எங்கள் வீட்டு வழக்கம்.

பட்டம் வந்தது. நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது, போபாலுக்கு. தம்பி புது ஷூ வாங்கிக் கொடுத்தான். ஐந்து நாள் தேர்வுக்கு ஐந்து சட்டை தேய்த்து எடுத்துப்போனான். முதல் நாள் மத்தியானமே முடிந்துவிட்டது.

என்ன நடந்தது என்று அவன் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். காலையில் மார்பில் எண் கட்டிவிட்டார்கள். மங்கலான ஒரு படத்தைத் திரையில் அரை நிமிஷம் காட்டி, அதை வைத்து ஒரு கதை எழுதச் சொன்னார்கள். படத்தில் நாலைந்து பேர் எதையோ சுற்றி நின்றார்கள். அது கிணற்று மோட்டார் என்று இவனுக்குப் பட்டது. மோட்டாரின் கம்பிச் சுருள் எரிந்துபோய்ச் செடி வாடுகிறது, ஊர்ப் பையன் ஒருவன் டவுனுக்குப் போய் அதைப் புதிதாகச் சுற்றி வாங்கி வருகிறான் என்று எழுதினான். ஆங்கிலத்தில்தான் எழுதினான், தப்பில்லாமல். அதன் பிறகு குழுவாக உட்கார வைத்து, எல்லாரும் கலந்து பேசி ஒரு பொதுக் கதைக்கு வரச் சொன்னார்கள்.

“எல்லாரும் ஒண்ணாப் பேசுனாங்க அத்தே. அவங்க முடிக்கட்டும்னு இருந்தேன்.”

முடிக்கவில்லை. நேரம் முடிந்தது. மதியம் எண்களைப் படித்தார்கள், அவன் எண் வரவில்லை. ரயில் கட்டணத்தை மரியாதையாகக் கையில் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றி ஸ்டேஷனில் விட்டுவிட்டார்கள். மடிப்புக் கலையாத நாலு சட்டையோடு இரண்டு நாள் பயணம் செய்து வந்தான்.

நான் தளரவில்லை. ஆபீசர் தேர்வுக்கு இன்னும் வயது இருக்கிறது, அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். அவன் முதல் தடவையாக என்னிடம் மறுத்துப் பேசினான். அந்தச் சபை தனக்கு ஆகாது, ஓடச் சொன்னால் ஓடுவேன், தூக்கச் சொன்னால் தூக்குவேன், சிப்பாயாகவே போகிறேன் என்றான். அறிவிப்பு வந்திருந்தது. என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் திறந்தான். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

“அத்தே, எனக்கு வயசு தாண்டிருச்சு.”

“கார்த்திகைக்குத்தானடா இருபத்தொண்ணு. நல்லாப் பாரு.”

“பேப்பர்ல ஜூன் அத்தே.”

கடுகு கருகுகிற வாடை வந்தும் நான் அடுப்பை அணைக்கவில்லை. முப்பத்துமூன்று வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவள், என் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கேசரியை வைத்து வயதைக் கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்த ஜூன் யார் வைத்தது என்று அப்போது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினால், இந்த மாவட்டத்துத் தாய்மார்கள் வருஷம் முழுக்கக் காத்திருந்து மே, ஜூனில் மட்டும் பிள்ளை பெற்றார்களோ என்று தோன்றும். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பாத பிள்ளையை ஒரு வருஷம் வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. அதனால் தேதியை முன்னே இழுத்துப் போடுவார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் ஒரு பிறந்த நாள், தாளில் ஒரு பிறந்த நாள். இது தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. பிள்ளைக்கு ஒரு வருஷம் லாபம் என்று நினைத்தார்கள்.

அவனைச் சேர்க்கப் போன அன்று தம்பி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நான் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து பிள்ளையைக் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை தயங்கினார். இன்னும் ஐந்து ஆகவில்லையே, அடுத்த வருஷம் பார்க்கலாமே என்றார். பிறப்புச் சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை, கார்த்திகைத் தேதி, முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் காப்பாளர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்ற விதி எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு அது தெரியாது. நான்தான் எடுத்துச் சொன்னேன். வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, பையன் ஜூன் முதல் தேதி பிறந்ததாக நான் அறிந்தவரை உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து அவனுக்கு ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். விதி தெரிந்த அத்தை கிடைத்த பிள்ளை ஒரு வருஷம் முன்னால் போகிறது என்று எனக்கு அன்று அவ்வளவு பெருமை.

இதுவரைக்கும் ஊரில் எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது, பிறந்த தேதியைச் சரிபார்த்துப் பெற்றோர் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள். திருத்தம் செய்ய அதுதான் கடைசி வாசல். தேர்வு எழுதிவிட்டால் பூட்டிவிடும். பையன் அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தான். “அத்தே, தேதி தப்பா இருக்கே, மாத்திரலாமா” என்று கேட்டான். வீட்டில் அவனுக்குச் சொல்லியிருந்த கதை, ஒன்றாம் வகுப்பு டீச்சர் தப்பாக எழுதிவிட்டார் என்பது. அந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று எனக்கு நினைவில்லை. நான் மறுத்துச் சொல்லவில்லை என்பது நினைவிருக்கிறது.

மாற்றியிருக்கலாம். பிறப்புச் சான்றிதழை இணைத்து, தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆனால் சேர்க்கையின்போது ஏன் வேறு தேதி தரப்பட்டது என்று கேட்பார்கள். பழைய உறுதிமொழித் தாளைத் தூசி தட்டி எடுப்பார்கள். அதன் அடியில் கல்லூரி அலுவலக ஊழியர் ஒருத்தியின் கையெழுத்து இருக்கும். எனக்கு ஓய்வுபெறச் சில வருஷங்களே இருந்தன. பொய் உறுதிமொழி என்று ஒரு மெமோ வந்தால் ஓய்வூதியம் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்தான் நினைத்திருப்பேன். அஞ்சாறு மாசத்துல என்ன வந்திரப்போவுது, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு என்றேன். தம்பி வந்து கையெழுத்துப் போட்டான். போட வேண்டிய இடத்தை நான் விரலால் காட்டினேன்.

அந்த அஞ்சாறு மாதம்தான் இப்போது போனில் வந்து நின்றது. ஜூன் தேதிக்கு நாலு மாதம் தாண்டிவிட்டது. கார்த்திகைத் தேதிக்கு ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பழநி வழியாக பஸ்ஸில், மடியில் பிளாஸ்டிக் கோப்போடு. பிறப்புச் சான்றிதழின் அசல், சான்றொப்பமிட்ட இரண்டு நகல், பட்டம், என்.சி.சி. சான்றிதழ், எல்லாம் வரிசைப்படி. வழியெல்லாம் அவனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் தூங்கிவிட்டான், அல்லது கண்ணை மூடிக்கொண்டான்.

ஜன்னலுக்கு உள்ளே தமிழ் தெரிந்த ஒரு ஹவில்தார் இருந்தார், நம் பக்கத்து ஆள்தான். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பட்டத்தை எடுத்துப் பார்த்தார். சி சான்றிதழைப் பார்த்து, “நல்ல கிரேடும்மா, வயசு மட்டும் இருந்தா போனஸ் மார்க்கு கிடைக்கும்” என்றார். பிறப்புச் சான்றிதழைப் படித்துவிட்டு, மூன்றையும் ஒன்றாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“டென்த் சர்டிபிகேட்ல என்ன இருக்கோ அதாம்மா.”

சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நானாக இருந்தால் இவ்வளவு நேரம் கேட்டிருக்க மாட்டேன்.

மிஞ்சியது கோர்ட்டு. தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். தேதியைத் திருத்தித் தீர்ப்பு வாங்கச் சில வருஷம் ஆகும் என்றார். தீர்ப்பு வருகிறபோது திருத்திய தேதிக்கும் வயது தாண்டியிருக்கும். இதை எழுதிப் பார்க்க வேண்டியதே இல்லை, மனக்கணக்கில் தெரிந்தது. இருந்தாலும் போட்டுத்தான் பார்ப்போமே என்று மருமகன் சொன்னான். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டு நகல் வேண்டும் என்றார் வக்கீல். நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம், பள்ளிக்கூடம் பக்கத்திலேதான் இருக்கிறது, நானே போகிறேன் என்றான். அதற்கு மேல் என்ன சொல்லித் தடுப்பது.

மறுநாள் மத்தியானம் வந்தான். இரண்டு ஜெராக்ஸ் தாளை மேசைமேல் வைத்தான். ஒன்று பதிவேட்டுப் பக்கம். மற்றது அதோடு தைத்து வைத்திருந்த உறுதிமொழி. பதினாறு வருஷத்துக்கு முந்தைய தாள், எழுத்து ஒரு இடத்தில்கூட மங்கவில்லை.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“கையெழுத்து நல்லா இருக்கு அத்தே.”

தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் தம்பி போன் செய்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். “அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. மனசுல வச்சுக்காதீங்க” என்றான். அவன் திட்டியிருந்தால் அன்று கொஞ்சம் சாப்பிட்டிருப்பேன்.

மில் வேலைக்குப் பட்டம் கேட்டிருந்தார்கள். அதனால் கிடைத்தது. படிப்பு எங்கேயும் வீண்போவதில்லை என்று நான் பிள்ளைகளிடம் சொல்லிவந்தது அந்த அளவுக்கு உண்மை. அவன் ஓடுவதை விட்டுவிட்டான். நான் கேட்டதற்கு, ஷிப்டு மாறி மாறி வருகிறது, நேரமில்லை என்றான். அதிகாரிகள் தேர்வுக்கு இன்னும் வயது இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னேன், பேப்பர் தேதிப்படி எண்ணித்தான். “பாக்கலாம் அத்தே” என்றான். கோப்பு இனி நகராது என்று தெரிந்த பின்னும் ஆட்கள் வந்து கேட்டால் நாங்கள் அலுவலகத்தில் சொல்கிற சொல் அதுதான். அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

போன மாதம் மற்றவன் விடுப்பில் வந்தான். தோள் அகன்று, கழுத்து கறுத்து, வாசலில் செருப்பை நேராக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு உள்ளே வந்தான். கூடவே என் மருமகன். நாலு மாதத்தில் அவன் என் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. நண்பனுக்காக வந்திருந்தான்.

மற்றவனுக்குத் தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டப்படிப்பு சேர வேண்டுமாம். படிவத்தைக் கையால் நிரப்பித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு என்று கேட்டேன். நாலாவது வருஷம் யாரை வைத்துக்கொள்வது என்று பொறுக்குவார்கள், அதற்குள் ஏதாவது கையில் இருக்க வேண்டும் என்றான். அவன் இருக்கும் படைப்பிரிவில் பட்டம் முடித்துவிட்டு வந்த ஒருவன் இருக்கிறானாம்.

“அவனுக்கு மட்டும் தனி மரியாதை காலேஜம்மா. கம்ப்யூட்டர் வேலைன்னா அவன்தான், லெட்டர் எழுதணும்னா அவன்தான். நாங்க வெயில்ல மண்ணு அள்ளுவோம், அவன் ஃபேனுக்கடியில உக்காந்து எங்க பேர எழுதுவான். போறதுக்கு முன்னாடியே படிச்சிட்டுப் போயிருக்கணும். நீங்க அன்னைக்கே சொன்னீங்க.”

ஆமாம், சொன்னேன். சொன்னது எல்லாமே சரி. மருமகன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தேன். பெயர், தந்தை பெயர், முகவரி எழுதினேன். அடுத்தது பிறந்த தேதி. எட்டுச் சின்னக் கட்டங்கள். முதல் கட்டத்தின் மேல் பேனா நின்றது.  

மருமகன் எழுந்து வந்து படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நீங்க விடுங்க அத்தே. நான் எழுதுறேன்.”

பேனாவை என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டான். நண்பனைப் பார்த்து, “ஏன்டா, சர்டிபிகேட்டுத் தேதியா, நிஜத் தேதியா, எது சொல்ற?” என்று கேட்டான்.

மற்றவனுக்குக் கேள்வியே புரியவில்லை. “ரெண்டும் ஒண்ணுதான்டா” என்றான். “எங்கப்பாவுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதுல்ல. ஆஸ்பத்திரியில குடுத்த சீட்ட அப்படியே டீச்சர்கிட்ட நீட்டிருச்சு. இன்னும் அஞ்சாகல, அடுத்த வருஷம் கூட்டியான்னு அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் ஆட்டுக்குட்டியோட சும்மா திரிஞ்சேன்.”

மருமகன் நிமிரவில்லை. கட்டத்துக்கு ஓர் எண்ணாக, அழுத்தி, நிதானமாக எழுதினான். அவன் எழுத்தும் என் எழுத்து மாதிரியே இருந்தது. சனிக்கிழமைகளில் அதையும் நான்தான் பழக்கியிருந்தேன்.